கார்டு மாற்றியதும் கத்தும் கணினி

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் இருக்கிறது பெருநகர். அங்கிருந்து சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கணினியில் ஏதாவது ஒன்று கெட்டால் இந்தத் தூரமும் சேர்ந்தே செலவாகிறது. தை பிறந்துவிட்டால் வரிசையாக முகூர்த்தங்கள். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் செய்யாற்றில் வந்து கூடும். உத்திரமேரூர் வட்டாரத்தில் வீடியோ எடிட்டிங்கும் ஆல்பம் டிசைனும் செய்கிறவர்களுக்குக் கை ஓயாத மாதம் அது. பழைய சிஸ்டம் திணறுகிறதே என்று கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டுவதும் பெரும்பாலும் இந்த நெருக்கடியில்தான். மாட்டி, சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப், அதன் பின்னால் குட்டையாக இரண்டோ மூன்றோ. "கார்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பு அந்த நிமிடமே வந்துவிடுகிறது. மறுநாள் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறார். இது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. கார்டு கெட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் சோதிக்க வேண்டியவற்றுக்கு அந்தச் சத்தமே வழி காட்டுகிறது. கடை எட்டாத தூரத்தில் இருப்பவர்கள்தான் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முதலில் பழக வேண்டும்.

கணினி ஏன் சத்தம் போடுகிறது என்பதில் தொடங்கலாம். சுவிட்சைப் போட்டதும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதா என்று பார்த்து, 'சரி, தொடங்கலாம்' என்று மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அதற்குப் பிறகே பிராசஸர் விழித்து, பயாஸ் சிப்பில் எழுதியிருக்கும் நிரலை ஓட்டத் தொடங்குகிறது. அந்த நிரல் ரேமைச் சோதிக்கும், பிறகு கிராபிக்ஸ் கார்டைத் தேடும், கார்டுக்குள்ளேயே இருக்கும் அதன் சொந்த பயாஸை இயக்கும். இவ்வளவும் முடிந்தால்தான் திரையில் முதல் எழுத்து வரும். அதற்கு முன் ஏதாவது தடைப்பட்டால் எழுதிக் காட்டத் திரை கிடையாது; ஒலி எழுப்புவது ஒன்றுதான் வழி. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இந்த ஏற்பாடு இருந்தது: நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் ஒலித்தால் திரைப் பகுதியில் கோளாறு என்று பொருள். பிறகு பயாஸ் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் ஆளுக்கொரு ஒலிக் குறியீட்டை வகுத்துக்கொண்டன. அவற்றில் ஒன்றான அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், சுருக்கமாக ஏ.எம்.ஐ., 1985-இல் சுப்பிரமணியன் சங்கரும் பேட் சர்மாவும் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தொடங்கியது. அதன் இந்திய நிறுவனம் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய செம்மஞ்சேரியில் இயங்குகிறது. நம் மேசைமேல் இருக்கிற கணினியின் முதல் சில விநாடிகளை ஆளும் நிரலுக்கு நம் பக்கத்துப் பொறியாளர்களும் உழைக்கிறார்கள். அந்த நிரல் போடும் சத்தத்துக்கு என்ன பொருள் என்பது பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ச் சேராமலே இருக்கிறது. இந்த இடைவெளி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பீப் ஒலி சொல்வது, தொடக்கம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை. எந்தப் பொருள் செத்தது என்பதை அது சொல்வதில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். காஞ்சிபுரத்தில் கிளம்பிய பேருந்து எந்த நிறுத்தத்தோடு நின்றுபோனது என்று தெரிந்தால் தேட வேண்டிய தூரம் குறையும். டயர் வெடித்ததா டீசல் தீர்ந்ததா என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். 'கிராபிக்ஸ் கார்டு கிடைக்கவில்லை' என்ற பொருளில் பயாஸ் ஒலித்தால், தேடிய இடத்தில் அதற்குப் பதில் வரவில்லை என்பதே செய்தி. பதில் வராததற்கு ஸ்லாட்டில் சரியாக உட்காராதது காரணமாக இருக்கலாம். மின்சாரம் வராதது, பயாஸுக்கு அந்தக் கார்டு புரியாதது, கார்டே கெட்டது என்று மற்றக் காரணங்களும் உண்டு. நான்குக்கும் சத்தம் ஒன்றேதான். கடைசிக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதை எப்படி நியாயப்படுத்துவது?

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் வரும். குறியீடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றனவே, அதை நம்பி எதைச் செய்வது என்று கேட்பார்கள். உண்மைதான், அதுவும் கொஞ்சநஞ்ச மாற்றம் இல்லை. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்ற அதே ஒலி அவார்டு பயாஸில் திரைப் பகுதியைக் குறிக்கும். ஏசஸ் மதர்போர்டுகளின் கையேட்டில் ரேம் தென்படவில்லை என்று பொருள். நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று என்றால் ஏசஸில் கிராபிக்ஸ் கார்டு தென்படவில்லை என்று அர்த்தம், பழைய ஏ.எம்.ஐ. பயாஸில் அது ரேம் கோளாறு. அதே ஏ.எம்.ஐ.யில் எட்டு குட்டை ஒலிகள் என்றால் திரைக்கான நினைவகத்தில் பிழை. டெல் கணினிகளில் ஆறு ஒலிகள் கிராபிக்ஸைச் சுட்டும். ஆக, ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த பட்டியலை வைத்துத் தன் கணினியைப் படிக்கிறவர் நேர் எதிரான முடிவுக்குப் போய்விட முடியும். ரேமைத் துடைக்க வேண்டிய இடத்தில் கார்டைத் திருப்பிக் கொடுப்பார். இதனால் குறியீடே பயனற்றது என்றாகிவிடாது. எந்த மதர்போர்டு, எந்த பயாஸ் என்று தெரிந்துகொண்ட பிறகே ஒலியைப் படிக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கிற முடிவு. மதர்போர்டின் பெயரும் மாடல் எண்ணும் பலகையின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, அந்த மாடலின் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள ஒரு கைபேசி போதும்.

கார்டு மாற்றிய பிறகு ரேம் கோளாறு என்று பயாஸ் ஒலிப்பதும் நடக்கிற காரியமே. ரேமை யாரும் தொடவே இல்லையே என்று வியக்க வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டை அழுத்தி மாட்டும்போது பலகை வளைந்துகொடுக்கிறது. பல பலகைகளில் ரேம் ஸ்லாட்டின் கிளிப்பும் கிராபிக்ஸ் ஸ்லாட்டும் நெருக்கமாக இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தூசியோடு உட்கார்ந்திருந்த ரேம் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் தொடர்பு விட்டுப்போகும். கடைசியாக எதை மாற்றினோமோ அதன்மேல் பழி போடுவது இயல்புதான். அந்த மாற்றத்தின்போது கை பட்ட எல்லாவற்றையும் அந்தச் சந்தேகத்துக்குள் சேர்த்துக்கொண்டால்தான் அது சரியான யோசனையாகும். ரேமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துவது நம் ஊர் சர்வீஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். அது பலிப்பதற்குக் காரணம் உண்டு. விளிம்பில் படிந்த படலம் போய், உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

கார்டு ஸ்லாட்டில் உட்காராமல் போவதை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கண்ணுக்கு அது உட்கார்ந்தது போலவே இருக்கும். மலிவு விலை கேபினெட்டுகளின் தகடு மெல்லியது. பின்பக்கத் திறப்புகள் ஒரு நூல் ஏறியோ இறங்கியோ இருக்கும். கார்டை ஸ்லாட்டில் அழுத்தும்போது சரியாகவே இறங்குகிறது. பிறகு அதன் உலோகப் பட்டையைக் கேபினெட்டோடு சேர்த்து ஸ்குரூவை முறுக்குகிறோம். பட்டை தகட்டோடு ஒட்ட ஒட்ட, கார்டின் மறுமுனை, அதாவது கேபினெட்டின் முன்பக்கத்தைப் பார்க்கிற வால்முனை, மயிரிழை அளவு மேலே எழும்புகிறது. பதினாறு தட ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 164 தொடர்புமுனைகள். கார்டு வந்துவிட்டது என்று பலகைக்கு அறிவிக்கும் முனைகள் மற்றவற்றைவிடக் குட்டையாகவே வடிவமைக்கப்பட்டவை. அவை கடைசியாகத் தொட்டு முதலில் விடுபடும். வால் சற்று எழும்பினாலே பயாஸுக்குக் கார்டு இல்லாததாகிவிடலாம். சோதிப்பது எளிது. டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், ஸ்லாட்டுக்கு மேலே தெரிகிற பொன்னிற விளிம்பு தலையிலிருந்து வால்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். வால்பக்கம் பொன்னிறம் கூடுதலாகத் தெரிந்தால் ஸ்குரூவைக் கழற்றி, கார்டை மறுபடி அழுத்தி, ஸ்லாட்டின் பூட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்குரூ போடாமலே ஒருமுறை ஆன் செய்து பார்க்கலாம். அப்போது பீப் நின்றுவிட்டால் கேபினெட்தான் காரணம். தகட்டைச் சற்று நெளித்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது மின்சாரம். கிராபிக்ஸ் ஸ்லாட் தன் வழியாக 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும்: ஆறு முனை இணைப்பு இன்னொரு 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தரக் கணக்கிடப்பட்டவை. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்ற 75 வாட் கார்டை மாட்டிப் பழகியவர் 170 வாட் கேட்கும் ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு மாறும்போது அந்தத் தனி ஒயரை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பழைய கார்டுகள் சிலவற்றில் ஒயர் இல்லாவிட்டால் கார்டே கூச்சலிடும். ஒயர் இருந்தும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தெம்பு இல்லை என்றால் அறிகுறி பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்: கணினி பீப் இல்லாமல் தொடங்கி, ரெண்டரிங் போடும்போது சட்டென்று அணைந்து மறுபடி எழும். தொடக்கத்திலேயே பீப் என்றால் முதலில் ஒயரைப் பாருங்கள். வேலை நடுவே அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளைப் பாருங்கள். லேபிளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 450 வாட்டை நம்ப வேண்டாம். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். அங்கே 16 என்று இருந்தால் 12 வோல்ட்டில் கிடைப்பது 192 வாட் மட்டுமே. பிராசஸரும் கார்டும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்.

தனி ஒயர் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரை ஆறு முனையாக மாற்றித் தரும் அடாப்டரைச் சில கடைகளில் கொடுத்து அனுப்புகிறார்கள். இது ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கான முனைகள் மூன்று, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். 75 வாட் கேட்கக்கூடிய இடத்தில் அதைச் செருகினால் பிளாஸ்டிக் உருகும். பிராசஸருக்கான எட்டு முனை ஒயரைக் கார்டில் திணிப்பது இன்னும் மோசம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியவை. நுழையக் கூடாது என்பதற்காகத்தான் முனைகளின் வடிவத்தையே வேறாக வைத்திருக்கிறார்கள். இறங்காத இணைப்பை அழுத்தி இறக்குவது கூடவே கூடாது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது, கிராமப்புறத்தில் எளிதில் ஏமாற்றிவிடக்கூடிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் கணினியிலிருந்துதான் வருகிறதா? மேசைக்கு அடியில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். வழக்கமாக 360 வாட்வரைதான் தாங்கும். பெரிய கார்டு சேர்ந்த பிறகு, மானிட்டரும் அதே யு.பி.எஸ்.ஸில் இருந்தால், சுமை தாங்காமல் அது விடாமல் அலறும். வோல்டேஜ் இறங்கிப் பேட்டரிக்கு மாறினாலோ சில விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கும். கார்டை மாற்றிய அன்றே இது தொடங்குவதால் பழி கார்டின்மேல் விழுகிறது. பயாஸின் பீப், திரை வருவதற்கு முன் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் ஒலித்து நிற்கும் அல்லது இடைவெளி விட்டு அதே அமைப்பில் திரும்ப வரும். திரையில் படம் வந்த பிறகும் தொடர்கிற சத்தம் என்றால் யு.பி.எஸ்.ஸிடம் காதைக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்கே தெரியாதது: பயாஸும் கார்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாதது. இது இனிமேல் அதிகமாகும் என்பது என் கணிப்பு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதனால் அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்.பி., லெனோவோ பெட்டிகள் பழுதுபார்த்த சிஸ்டம் என்ற பெயரில் சிற்றூர்களுக்கு வருகின்றன. விலை குறைவு, உழைப்பு நன்று. ஒரு கார்டைச் செருகினால் எடிட்டிங் சிஸ்டம் ஆகிவிடும் என்று வாங்குகிறார்கள். அவற்றின் பயாஸ் பல சமயம் புதிய கார்டுகளுக்கு முந்திய காலத்தது. பயாஸைப் புதுப்பித்தால் சிலவற்றில் பீப் நின்றுவிடும். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் மட்டுமே தொடங்கும்படி அமைத்த புதிய பலகையில், அந்த முறைக்கான நிரல் இல்லாத பழைய கார்டைப் போட்டால் பலகை அதைத் திரை என்றே ஏற்காது. பழைய முறையையும் அனுமதிக்கும் சி.எஸ்.எம். என்ற அமைப்பு பல பலகைகளில் உண்டு; அதை இயக்கினால் தீரும். அதை இயக்குவதற்கே திரை வேண்டுமே என்றால், பலகையின் சொந்த கிராபிக்ஸ் வழியே மானிட்டரை இணைத்துச் செய்யலாம். பிராசஸரில் கிராபிக்ஸ் இருந்தால்தான் இது நடக்கும். இன்டெலில் 10100எஃப், 12400எஃப் என்று 'எஃப்' எழுத்தோடு முடிகிறவற்றில் அது கிடையாது. அப்படிப்பட்ட சிஸ்டத்தில், கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்து, 'இப்பவும் பீப் வருது, அப்போ மதர்போர்டுதான் போச்சு' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. கார்டும் இல்லை, உள் கிராபிக்ஸும் இல்லை என்றால் கணினி வேறு என்ன செய்யும்? பழைய கார்டை மறுபடி மாட்டிப் பார்ப்பதே அங்கே சரியான சோதனை.

இனி, கார்டே கெட்டிருக்கும் நிலை. பெட்டி பிரிக்காத புதுக் கார்டானால் நான் அதை வரிசையின் கடைசியில் வைப்பேன். பழைய கார்டு என்றால் அவ்வளவு கடைசியில் இல்லை. எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்ததும், இரவும் பகலும் ஓடிய ஆர்.எக்ஸ். 580 போன்ற கார்டுகள் பழைய பொருள் சந்தையில் குவிந்தன. அவற்றில் பலவற்றின் பயாஸை நாணயம் தோண்டுவதற்கேற்ப மாற்றி எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட கார்டை வாங்கி மாட்டி, பீப் வந்து, உட்கார வைத்ததும் ஒயரும் சரியாக இருந்து, வேறொரு கணினியிலும் அதே பீப் வந்தால், கார்டைக் குற்றம் சொல்லலாம். இந்தக் கடைசிச் சோதனை முக்கியம். உறவினர் வீட்டிலோ பக்கத்து ஸ்டுடியோவிலோ உள்ள, போதிய எஸ்.எம்.பி.எஸ். கொண்ட ஒரு கணினியில் போட்டுப் பார்ப்பது சென்னைப் பயணத்தைவிட எப்போதும் மலிவு.

இதெல்லாம் சர்வீஸ் ஆள் செய்ய வேண்டிய வேலை, சாதாரணமானவர் கேபினெட்டைத் திறக்கலாமா என்ற ஆட்சேபத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மெயின் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்து, கேபினெட்டின் தகட்டைத் தொட்டுவிட்டு வேலை செய்தால், ரேமும் கார்டும் கழற்றி மாட்டுவதில் உயிருக்கு ஆபத்து இல்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் பிரிக்கவே கூடாது. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி எறியும். அந்த எல்லைக்கு இப்பால் செய்கிற சோதனைகள் எல்லோருக்கும் உரியவை. ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்ப்பதே விரைவான வழி என்று அனுபவமுள்ள சர்வீஸ்காரர் சொன்னால், அவர் கையில் மாற்றிப் போட நான்கு கார்டும் மூன்று எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இருக்கின்றன, அவருக்கு அது சரி. கையில் ஒரே ஒரு கார்டு வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது, ஒலியைப் படிப்பதுதான் இருக்கிறது. இந்தக் காலத்தில் பீப் எதற்கு, புதிய பலகைகளில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் என்று தனித்தனி விளக்குகளே எரிகின்றனவே என்பாரும் உண்டு. நல்ல ஏற்பாடு, இருக்கிறவர்கள் அதையே பார்க்கலாம். அந்த விளக்கும் இதே செய்தியைத்தான் சொல்கிறது, எந்தக் கட்டத்தில் நின்றது என்று. படிக்கும் முறையில் மாற்றம் இல்லை. கைமாறி ஊருக்கு வருகிற பழைய பெட்டிகள் பலவற்றில் அந்த வரிசை விளக்குகளும் இல்லை.

எனக்கு வருத்தம் தருவது, இப்போது அசெம்பிள் செய்து விற்கும் பல சிஸ்டங்களில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே இல்லாமல் போனது. நான்கு முனைச் செருகியில் மாட்டுகிற, விரல்நுனி அளவுள்ள ஒரு பொருள். சில பத்து ரூபாய்க்குள் அடங்குவதை மிச்சப்படுத்திவிட்டு, கோளாறு வரும்போது வாய்பேசாத ஒரு பெட்டியை வாங்குபவர் தலையில் கட்டுகிறார்கள். பக்கத்துத் தெருவில் கடை இருப்பவருக்கு அதனால் நட்டம் குறைவு. பெருநகரிலோ மானாம்பதியிலோ இருப்பவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறது. சிஸ்டம் வாங்கும்போதே ஸ்பீக்கரைக் கேட்டு வாங்குங்கள். மதர்போர்டின் பெட்டியையும் கையேட்டையும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். அவை உங்கள் பணத்தில் வாங்கியவை. பீப் வந்தால் கைபேசியில் அதைப் பதிவுசெய்து, பலகையின் மாடல் எண், எஸ்.எம்.பி.எஸ். லேபிள், ஸ்லாட்டில் உட்கார்ந்த கார்டின் பக்கவாட்டுப் படம் ஆகியவற்றோடு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பொறுப்புள்ள கடைக்காரர் பாதிச் சமயம் அங்கிருந்தபடியே பதில் சொல்லிவிட முடியும். சொல்ல முடியாதபோதும், 'நீங்கதான் தப்பா மாட்டிக் கெடுத்துட்டீங்க' என்ற பேச்சுக்கு அந்தப் பதிவு மறுமொழியாக இருக்கும். கார்டு உண்மையிலேயே கெட்டிருந்து கடை மாற்றித் தர மறுத்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊருக்குப் போகாமல் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையவழியாகவும் கொடுக்கலாம். அதற்குப் பில் வேண்டும். பில்லில் கார்டின் பெயரோடு சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். திருப்பிக் கொண்டுபோகும் கார்டு அதே கடையில் வாங்கியதுதானா என்ற கேள்வியே அப்போது எழாது.